பொம்மைக்கு விலை கேட்டு அலைந்தது

அக்காவின் பொம்மைகளுக்கு விலை விசாரிக்கும் வேலை என்னிடம் வந்ததற்கு ஒரே காரணம், நான் ஊர் சுற்றியவன் என்பதுதான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். போர்வெல் லாரியில் நாக்பூர் வரை போயிருக்கிறேன். சூரத்தில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் தேய்த்தேன். மங்களூரில் மீன்பிடி போட்டில் ஒரு பருவம் ஓடினேன். வலது கைச் சுண்டுவிரல் கயிற்றில் மாட்டிப் போனது அங்கேதான். இப்படிச் சுற்றியதில் கொஞ்சம் இந்தியும், ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவும் கைவந்தன. இது போதும் என்று அக்கா நினைத்தாள்.

சூரத் மெஸ்ஸை மூடிவிட்டார்கள் என்று நான் திரும்பி வந்த சமயம் அது. பாண்டிச்சேரியில் சாரம் என்கிற பகுதியில் இருந்த அக்கா வீட்டில் ஒரே அறை, அதை ஒட்டிச் சமையலுக்கு ஒரு தடுப்பு. கட்டிலுக்கு அடியில் என் பையை வைக்கப் போனபோது இரண்டு அட்டைப் பெட்டிகள் இடித்தன. திறந்து பார்த்தால் உள்ளே வரிசையாகப் பொம்மைகள் படுத்திருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம் இருக்கும். எல்லாம் வெள்ளைக்காரப் பெண்கள். ஒருத்தி தலையில் லேஸ் துணியில் செய்த உயரமான குல்லாய், ஒருத்தி கையில் கூடை, ஒருத்தி தோளில் சால்வை. ஒருத்தி கட்டியிருந்த உடுப்பு இன்னொருத்திக்கு இல்லை.

"தொடாத. கையில எண்ணெ இருக்கும்" என்றாள் அக்கா.

அவை எப்படி வந்தன என்பதை அப்புறம் சொன்னாள். அப்போது அவள் நான்கு வீடுகளில் வேலை செய்துகொண்டிருந்தாள். அதில் ஒன்று கடற்கரைப் பக்கம் ஒரு சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, அந்த நாட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். வீட்டுக்காரர் இறந்ததும் பிள்ளைகள் வந்து அம்மாவைப் பிரான்சுக்கே அழைத்துப் போய்விட்டார்கள். வீட்டை ஹோட்டல் கட்டுகிறவர்களுக்குக் கொடுத்தாயிற்று. போகும் முன் அந்த அம்மா, அக்கா அவரை மதாம் என்பாள், வேலை செய்தவர்களைக் கூப்பிட்டு, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். காவல்காரர் கட்டிலை எடுத்தார். சமையல்கார அம்மாள் ஃபிரிட்ஜை எடுத்தார். அக்கா அன்றைக்கு இன்னொரு வீட்டில் வேலை முடித்து வருவதற்குள் கண்ணாடி அலமாரிதான் பாக்கி. அலமாரி ஆட்டோவில் ஏறவில்லை. உள்ளே இருந்த பொம்மைகள் ஏறின.

"அத்தினி வருஷம் காஞ்ச துணியால தொடச்சேன். ஈரத் துணி பட்டுச்சின்னா கத்துவாங்க. வெலயில்லாத சாமானுக்கா ஒருத்தங்க அப்படிக் கத்துவாங்க?" என்று அக்கா கேட்டாள். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

அவளுக்குப் பணம் எதற்கு என்பதில் குழப்பம் ஏதும் இல்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து அவள் உள்ளங்கை இரண்டும் வெடித்துப் போயிருந்தன. விரல் மடிக்கிற இடங்களில் தோல் பிளந்து சிவப்பாகத் தெரியும். பெரியாஸ்பத்திரியில் களிம்பு எழுதிக் கொடுத்து, கையில் சோப்பு படக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவளிடம் இதைச் சொன்னால் என்ன செய்வாள்? களிம்பைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் பாலிதீன் பையைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். அவள் மனதில் இருந்தது ஒரு கிரைண்டர். சாய்த்து மாவு ஊற்றுகிற பெரிய வகை. வாசலிலேயே ஆட்டி இட்லி மாவு விற்றால், வீட்டு வேலையை விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். தெருவில் யார் யார் வாங்குவார்கள் என்பது வரை கேட்டு வைத்திருந்தாள். அதனால் யார் எந்த விலை சொன்னாலும் அவள் அதை ரூபாயாக வைத்துக்கொள்ள மாட்டாள். கிரைண்டராக மாற்றித்தான் யோசிப்பாள்.

முதலில், பழைய மர சாமான்களும் தொங்குவிளக்குகளும் விற்கிற ஒரு கடைக்குப் போனேன். துணிக்கடைப் பையில் பொம்மைகளில் பாதியைப் போட்டுக்கொண்டு உள்ளே போனபோது, கடைக்காரர் என் விரலைத்தான் முதலில் பார்த்தார். பிறகு பொம்மைகளைப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் பாவாடையைத் தூக்கிக் கால், அடிப்பீடம் எல்லாம் பார்த்துவிட்டு மேஜைமேல் நிறுத்தினார். இவை பிரான்சில் ரயில் நிலையங்களிலும் கோயில் வாசல்களிலும் சுற்றுலாக்காரர்களுக்கு விற்கிற பொம்மைகள் என்றார். அந்தந்தப் பக்கத்து உடுப்பைப் போட்டு ஆயிரக்கணக்கில் செய்து தள்ளியவை, உடம்பு பிளாஸ்டிக் வகை. கறுப்பு உடையும் லேஸ் குல்லாயும் போட்டவை மட்டும் கொஞ்சம் பழசு, தையல் நன்றாக இருக்கிறது, அவற்றுக்குக் கொஞ்சம் கூடத் தரலாம் என்று சொல்லி வீட்டில் இருக்கிற மிச்சத்தையும் சேர்த்து மொத்தத்துக்கும் ஒரு விலை சொன்னார்.

நான் பையில் எடுத்து வைக்கும்போது கேட்டார். "பெரிசு ஏதாவது வச்சிருக்கீங்களா? பீங்கான் தலை. படுக்க வச்சா கண்ணு மூடும். முடிய ஒதுக்கிப் பாத்தா பிடரியில எழுத்து, நம்பரு வெட்டியிருக்கும். அந்த மாதிரி இருந்தா எடுத்துட்டு வாங்க, பேசுவோம்."

பெட்டிகளில் அப்படி ஒன்றை நான் பார்க்கவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் சொன்ன விலையைக் கேட்டு அக்கா, "கால் கிரைண்டர்கூட வரலியே" என்றாள்.

அடுத்து போனில் தேடினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஃபிரான்ஸ் ஓல்ட் டால் என்று அடித்தேன். நம்மிடம் இருப்பது மாதிரியே கூடை வைத்த ஒருத்தி படத்தில் வந்தாள். பக்கத்தில் போட்டிருந்த விலைக்கு இரண்டு கிரைண்டர் வாங்கலாம். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இன்னும் கொஞ்சம் கீழே தள்ளினால் அதே கூடைக்காரி, அதே பாவாடை. விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வரும். எது சரி என்று தெரியவில்லை. தெருமுனை ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் பார்க்கிற பெண்ணிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இது விற்கிறவர்கள் கேட்கிற விலை, எவ்வளவுக்கு விற்றது என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, எதையோ தட்டி எடுத்துக் காட்டினாள். விற்றவை எல்லாம் சாப்பாட்டு விலைப் பக்கம்தான் இருந்தன. பெரிய விலை போட்டிருந்த கூடைக்காரியை எத்தனையோ மாதங்களாக யாரும் தொடவே இல்லை.

அக்காவிடம் இதை விளக்க எனக்கு நேரமாகும் என்று நினைத்தேன். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. "மீன்காரி கூடைய எறக்கும்போது சொல்ற வெலைய கேட்டுட்டு வந்து, இதான் மீன் வெலன்னு சொல்றியா நீ?" என்றாள். அப்புறம், "நாலு ஊரு சுத்துனேன்ற" என்றாள்.

கடைசியில் மதாமையே கேட்டுவிடலாம் என்று முடிவானது. அக்காவின் போனில் அவர் மகளுடைய நம்பர் இருந்தது. வாட்ஸ்அப்பில் கூப்பிட்டதும் மகள் எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். திரையில் பாதி நெற்றியும் ஜன்னல் திரையும்தான் தெரிந்தன. அக்கா உடம்பை விசாரித்தாள், குளிரை விசாரித்தாள், அங்கே முருங்கைக்காய் கிடைக்கிறதா என்று விசாரித்தாள். நான் இடித்த பிறகுதான் பொம்மைக்கு வந்தாள்.

மதாம் சிரித்தார். அந்தச் சின்னப் பொம்மைகள் எல்லாம் வீட்டுக்காரர் எந்த ஊர் முகாமுக்கு மாற்றலாகிப் போனாலும் அங்கிருந்து ஒன்று வாங்கி வந்தவை, மலிவு விலைதான் என்றார். பிறகு அவர் சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன். "ஆனா பெரிசு ஒண்ணு இருக்குமே மா, ஒரு கண்ணு மூடாம முழிச்சிக்கிட்டே இருக்குமே. அது எங்க மாமியாரோட பொம்மை. அத மட்டும் சும்மா குடுத்துடாத. நல்ல ஆளாப் பாத்து வித்துக்கோ."

அக்கா சரி மதாம், சரி மதாம் என்று சொல்லி வைத்துவிட்டாள். வைத்த பிறகு போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரிசு எங்கக்கா?" என்றேன்.

"நானேதான்டா குடுத்தேன்" என்றாள்.

அந்தப் பெரிய பொம்மையும் ஆட்டோவில் வந்திருக்கிறது. முழங்கை நீளம் இருந்ததாம். படுக்க வைத்தால் ஒரு கண் மூடும், மற்றது மூடாது. விரலிலும் கொஞ்சம் உடைப்பு. மூளியான பொம்மையை வீட்டுக்குள் வைத்திருந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். அதனால் அதைப் பெட்டியில் வைக்காமல் வெளியே தண்ணீர் டிரம் மேல் உட்கார வைத்திருந்தாள். அக்கா புருஷன், என் மாமா, கொத்தனார். அப்போது ரெட்டியார்பாளையத்தில் ஒரு வீட்டு வேலை ஓடிக்கொண்டிருந்தது. அங்கே திருஷ்டிக்குக் கட்டியிருந்த வைக்கோல் பொம்மை காற்றில் அறுந்து விழுந்துவிட்டது. அந்த வீட்டுக்குச் சொந்தக்கார அம்மாள் வேறு ஒன்று கட்டச் சொன்னார். மாமா டிரம் மேல் இருந்ததைப் பார்த்து, இது முழிக்கிற முழிக்கு எந்தக் கண்ணும் கிட்ட வராது என்றார். அக்காவே எடுத்துத் துணியில் சுற்றிக் கொடுத்திருக்கிறாள். பீடை ஒழிந்தது என்று நினைத்தாளாம்.

மாமா அன்றைக்குச் சாப்பிட வந்ததும் விஷயத்தைச் சொன்னோம். அவர் சோற்றைப் பிசைந்தபடி, "பெரிய வெலன்னா எவ்ளோ மச்சான்?" என்று என்னைக் கேட்டார். அதுதான் தெரியவில்லை என்றேன். "தெரியாததுக்கு எதுக்குச் சோத்து நேரத்துல கலவரம்?" என்றார். ஆனால் சாப்பிட்டதும் வண்டியை எடுத்தார்.

விழுப்புரம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, மனைகள் பிரித்த ஒரு பகுதியில் அந்த வீடு நின்றது. கீழ்த்தளம் முடிந்து மாடி எழும்பிக்கொண்டிருந்தது. மாடியிலிருந்து நீட்டிய கம்பியில், ரோட்டைப் பார்த்தபடி பொம்மை தொங்கியது. கழுத்தில் கயிறு. கன்னத்தில் கரியும் சுண்ணாம்பும் மாற்றி மாற்றிப் புள்ளி. வாயில் சிவப்புத் துணியில் நாக்கு. மழை குடித்து உடம்பு உப்பி, ஒரு கால் தோலுரிந்து மரக்கூழ் மாதிரித் தெரிந்தது. பட்டுப் பாவாடை என்று அக்கா சொன்னது சாணி நிறத்தில் ஒட்டிக் கிடந்தது. முகத்தில் மட்டும் ஒரு சேதமும் இல்லை. ஒரு கண் பாதி மூடி, மற்றது நீலமாக முழித்துக்கொண்டிருந்தது. பயந்தேன் என்று சொல்ல மாட்டேன். அதை நேராகப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

கட்டடச் சாரத்தில் ஏறி, பொம்மையின் பிடரியில் இருந்த முடியை ஒதுக்கினேன். எழுத்தும் நம்பரும் குழியாக வெட்டியிருந்தது. போனில் படம் எடுத்தேன்.

"அத தொடாத தம்பி" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

வீட்டுக்கார அம்மாள். உழவர்கரைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் நிலம் வைத்திருக்கிற குடும்பம். புருஷன் டவுனில் வேலைக்குப் போகிறவர். இறங்கி வந்து விஷயத்தை மெதுவாகச் சொன்னேன். பழைய பொம்மை, தெரியாமல் வந்துவிட்டது, பதிலுக்குக் கடையில் விற்கிற அரக்கன் முகம் வாங்கிக் கட்டித் தருகிறோம் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, அந்தப் பொம்மை கட்டிய வாரத்தில் சித்தாள் ஒருத்தி மாடியிலிருந்து கால் தவறி விழுந்ததையும், மணல் குவியல் மேல் விழுந்து சிராய்ப்போடு எழுந்து உட்கார்ந்ததையும் சொன்னார். அன்று சாயங்காலம் பார்த்தால் பொம்மை ரோட்டைப் பார்க்காமல் வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்ததாம். "அந்தப் பொண்ணுக்கு வர வேண்டியத அது வாங்கிக்கிச்சி" என்றார். அதோடு, திருஷ்டிச் சாமானைச் சும்மா வாங்கக் கூடாது என்று மாமா கையில் காசு கொடுத்துத்தான் வாங்கியதாகவும் சொன்னார். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் சாரக் கட்டைகளின் முடிச்சுகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். அந்தக் காசில் எல்லோரும் டீ குடித்துவிட்டார்கள் என்று திரும்பி வரும்போது சொன்னார்.

இப்போது அது யாருடைய பொம்மை? மாமியாருடையது, பிறகு மதாமுடையது, அக்காவுடையது, டீக்காசுக்கு இந்த அம்மாளுடையது. யோசித்துக்கொண்டே அந்தப் படத்தைக் கடைக்காரரிடம் கொண்டுபோனேன்.

அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். எனக்கு டீ சொல்லச் சொன்னார். முதல் முறை வந்தபோது டீ வரவில்லை. உடம்பு போனால் போகட்டும், தலைதான் முக்கியம் என்றார். உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்து மயிரிழை விரிசல்கூட இல்லையென்றால் ஒரு விலை, இருந்தால் அதில் பாதிகூட வராது. இரண்டையும் சொன்னார். அக்கா கணக்கில் ஒன்று முழுதாக இரண்டு கிரைண்டர், மற்றது முக்கால். கரிப்புள்ளியை அழித்துக் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன்.

"ஐயையோ, தொடாதீங்க. பாண்டிச்சேரியில திருஷ்டிக்குக் கட்டுன பிரெஞ்சு பொம்மைன்னு சொல்லியே குடுப்பேன். அந்தக் கதைக்கே தனியா ஒரு வெல இருக்கு" என்றார்.

எனக்கு அங்கேதான் முழுசாகக் குழம்பியது. இத்தனை வருஷம் ஈரத் துணி பட்டால் விலை போய்விடும் என்று அக்காவிடம் கத்தியிருக்கிறார்கள். இப்போது மழையில் ஊறி, கரி பூசி, கழுத்தில் கயிறு மாட்டினால் விலை ஏறுகிறது. கண் மூடவில்லை என்று நாங்கள் வெளியே வைத்ததற்கு அவர் டீ வாங்கித் தருகிறார்.

வீட்டில் பேச்சு நடந்தது. மாமா சொன்ன வழி சுலபமானது. மத்தியானம் வீட்டுக்கார அம்மாள் கிராமத்துக்குப் போகிற நேரத்தில் இதைக் கழற்றிவிட்டு வேறு ஒன்றை மாட்டிவிடலாம், மேலே அண்ணாந்து பார்த்து யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்றார். அக்கா கூடாது என்று கையை ஆட்டினாள். அவரும் இரண்டாம் முறை சொல்லவில்லை.

நான் வேறு மாதிரி சொன்னேன். அந்த அம்மாளுக்கு ஒரு பங்கு பேசிக் கொடுத்துவிடலாம். திருஷ்டி பட்ட பொம்மை நம் வீட்டு வாசப்படி ஏற வேண்டாம், கம்பியிலிருந்து கழற்றி அப்படியே கடையில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறேன் என்றேன். அக்காவின் கவலை வேறாக இருந்தது.

"வாங்கிட்டுப் போறவங்க வீட்டுல கொழந்த இருந்தா?"

"அது எங்கியோ பாரிசுக்குப் போவும்கா."

"பாரிசுல கொழந்த இருக்காதா?"

மாமா கட்டிலில் படுத்துக்கொண்டே சொன்னார். "பயப்படாத. திருஷ்டிக்கும் விசா கேப்பாங்க. நம்ம ஊரு ஆளுங்களயே அஞ்சு வாட்டி திருப்பி அனுப்புறான். அத மட்டும் உட்டுடுவானா?"

அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விஷயம் முடியவில்லை. அவள் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள், களிம்பை எடுத்துப் போட்டாள். இரண்டு கிரைண்டர் என்பது அவளுக்குச் சின்ன விஷயம் இல்லை. மறுநாள் காலை, அந்த அம்மாளிடம் தானே வந்து கேட்பதாகச் சொன்னாள். கேட்டு வாங்கிவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். மாமா வண்டியில் அவளை உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போனேன்.

இரண்டு பெண்களும் மணல் பக்கத்தில் நின்று வெகுநேரம் பேசினார்கள். கம்பி விலை, தண்ணீர் லாரி, யாருக்கு எத்தனை பிள்ளைகள் என்று எல்லாம் பேசினார்கள். அக்கா கையை நீட்டிக் காட்டினாள். அந்த அம்மாள் அதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு நான் எதிர்பார்க்காததைச் சொன்னார்.

"உங்களுக்கு அவ்ளோ தேவைன்னா எடுத்துக்குங்கக்கா. நாங்க வேற கட்டிக்கறோம்."

சொல்லிவிட்டு அவர் பொம்மையைப் பார்க்கவில்லை. மாடிச் சாரத்தில் சிமெண்ட் சட்டியோடு நின்ற பெண்ணைத்தான் பார்த்தார். விழுந்தவள் அவள்தான். அக்காவும் அங்கே பார்த்தாள். நான் ஏறிக் கழற்றுவதற்குச் செருப்பைக்கூட விட்டுவிட்டேன்.

"இருக்கட்டும்மா. அது வேலைக்கு வந்துடுச்சி. வேலைல நிக்கறத நடுவுல கூப்ட்டுக்கினு போவ முடியாது" என்றாள் அக்கா.

திரும்பி வரும் வழியில் நான் வண்டியை வேகமாக ஓட்டினேன். கோபமா என்று கேட்டாள். கோபம் இல்லை, எனக்கு ஒன்றும் புரியவில்லை என்றேன். அவளும், "எனக்கும்தான்" என்றாள். வீடு முடிந்து கிரகப்பிரவேசம் ஆனதும் அதை என்ன செய்வார்கள் என்று கேட்டேன். முச்சந்தியில் போட்டுக் கொளுத்துவார்கள், இல்லையென்றால் ஆற்றில் விடுவார்கள் என்றாள். அப்போதாவது எடுக்கலாமே என்று ஆரம்பித்தேன். வண்டியைப் பார்த்து ஓட்டச் சொன்னாள்.

மிச்சம் இருந்தவை பெட்டிப் பொம்மைகள்தான். அவற்றை எப்படி விற்பது என்று வழி காட்டியது அக்கா வேலை பார்க்கிற அடுக்குமாடி வீட்டு அம்மாள். நவராத்திரி நெருங்கிக்கொண்டிருந்தது. கொலு வைக்கிறவர்கள் வருஷத்துக்கு ஒரு பொம்மையாவது புதிதாக வாங்க வேண்டும் என்பது கணக்கு. அக்கா கூடைக்காரியைக் கொண்டுபோய்க் காட்டினாள். அந்த அம்மாளுக்கு அதைப் பார்த்ததும் ஒரு படி முழுக்க வெளிநாட்டுக்காரர்களை வைக்கலாம் என்று தோன்றிவிட்டது. பக்கத்து வீடுகளிலும் சொன்னார். கடைக்காரர் கணக்கில் ஒன்றுக்கு வந்த விலையைப் போல நாலு மடங்குக்குப் பேரம் முடிந்தது. ரயில் நிலையத்துப் பொம்மை என்று யாரும் கேட்கவில்லை. சிலர் ஜோடி இருக்கிறதா என்று கேட்டார்கள். புருஷன் பொம்மை இல்லை, இவர்கள் எல்லாம் தனியாக வந்தவர்கள் என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டே வாங்கினார்கள்.

ஆனால் கறுப்பு உடை போட்டவற்றை யாரும் தொடவில்லை. கறுப்பைக் கொலுப்படியில் வைக்கக் கூடாதாம். கடைக்காரர் கூட விலை தருகிறேன் என்றது அவற்றுக்குத்தான். அவற்றை அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். வண்ண உடுப்பு ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம் என்று விற்றுத் தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கடை போடலாம் என்று நான் இடம்கூடப் பார்த்து வைத்திருந்தேன். அதற்கு வேலை இல்லாமல் போயிற்று.

கூட்டிப் பார்த்தால் புது கிரைண்டருக்கு எட்டவில்லை. மூடப்போகிற ஒரு டிபன் கடையில் பழையது ஒன்று விலைக்கு வந்தது. கல் கொஞ்சம் தேய்ந்திருந்தது, கொத்தி எடுத்தால் ஓடும் என்றார்கள். மாமாவும் நானும் மூன்று சக்கர வண்டியில் கட்டிக் கொண்டுவந்தோம். அக்கா இரண்டு வீட்டு வேலையை விட்டாள். அடுக்குமாடி வீட்டை மட்டும் விடவில்லை. பொம்மை வாங்கியவர்கள் என்ற மரியாதை ஒரு பக்கம், பழைய கிரைண்டரை எவ்வளவு நம்பலாம் என்று தெரியாதது ஒரு பக்கம்.

அந்தப் பெரிய பொம்மைக்காகக் கடைக்காரர் இன்னும் எனக்குப் போன் செய்கிறார். வீடு முடியவில்லை, பேங்கு லோன் வராமல் பாதியில் நிற்கிறது என்று உள்ளதைத்தான் சொல்கிறேன். அவர் நான் விலை ஏற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டுகிறார். நான் ஒரு வார்த்தை பேரம் பேசியதில்லை. அந்தத் தலைக்குள் விரிசல் இருக்கிறதா இல்லையா என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

போன வாரம் அவர் கூப்பிட்டபோது நான் மாவு வாளியைத் தூக்கிக்கொண்டிருந்தேன். அக்கா போனை வாங்கிக் காதில் வைத்தாள். அவர் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "அது வேலைல இருக்குதுங்க. முடிஞ்சா நானே சொல்றேன்" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். வாசலில் பாத்திரத்தோடு நாலு பேர் நின்றிருந்தார்கள். அவள் முழங்கை வரை கையை விட்டு மாவைக் கலக்கினாள். தோல் முழுதாக ஆறவில்லை. உப்பு பட்டதும் முகம் லேசாகச் சுருங்கியது. எரிகிறதா என்று கேட்டேன்.

"எரியுது. முன்ன மாதிரி இல்ல" என்றாள். பிறகு முதலில் நின்றவரிடம், "எத்தினி லிட்டரு?" என்று கேட்டாள்.